யானை அங்கிருந்து வருது... வரி இங்கிருந்து போகுது!

பாலக்கோடு காட்டோரத்திலிருந்து ஓர் உழவரின் வரிக் கணக்கு

போன தை மாசம். ராகி அறுத்துக் களத்தில் போர் போட்டிருந்த நேரம். பகலெல்லாம் களத்து வேலை, ராத்திரியானால் பரண் காவல். எங்கள் ஊர் மாரண்டஅள்ளிக்கும் பஞ்சப்பள்ளி அணைக்கும் நடுவில், காட்டை ஒட்டி இருக்கிறது. ராகி மணம் கிளம்பினால் யானைக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை, தானே வந்துவிடும். அப்படி ஒரு ராத்திரி, பரண் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பெங்களூரிலிருந்து போன் வந்தது. நம்ம பக்கத்திலிருந்து போய் அங்கே இயற்கை அங்காடி வைத்திருக்கும் தம்பி.

"அண்ணா, உங்க ராகி மாவு மாசம் ஐந்நூறு கிலோ வேணும்ணா. ஒரு கிலோ பொட்டலமா, உங்க ஊர் பேரு போட்டு அனுப்புங்க. காட்டோரத்து ராகின்னு சொன்னாலே இங்க ஜனங்க தேடி வர்றாங்க."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. நாங்கள் முப்பத்துநாலு குடும்பம் சேர்ந்து ஒரு குழுவாக இயற்கை விவசாயம் செய்கிறோம். மானாவாரி ராகி, அதற்குள் அவரை, துவரை வரிசை. கொஞ்சம் சாமை, கொள்ளு, புளி. சொந்தமாக ஒரு மாவு அரவை இயந்திரமும் வாங்கிப் போட்டிருக்கிறோம். இத்தனை வருஷத்தில் எங்கள் ஊர்ப் பேர் எந்தப் பொட்டலத்திலும் ஏறியதில்லை. விடிந்ததும் குழுவில் மாவரைக்கும் அக்காவிடம் சொன்னேன். "அப்ப பையி, லேபிளு எல்லாம் அடிக்கச் சொல்லுப்பா" என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னாங்க.

லேபிள் அடிப்பதற்கு முன்னால் கணக்குப் பார்க்கும் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று பாலக்கோடு போனேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"பொட்டலமாவா, மூட்டையாவாண்ணா? தமிழ்நாட்டுக்குள்ளயா, வெளியவா?"

"பொட்டலம்தான் தம்பி. பெங்களூருக்கு."

"அப்ப நீங்க ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தாகணும்ணா."

"எங்க வியாபாரம் வருஷத்துக்குப் பத்து லட்சம்கூட வராதே தம்பி. நாப்பது லட்சத்துக்கு மேல போனாத்தானே பதிவுன்னு சொன்னாங்க?"

"அது தமிழ்நாட்டுக்குள்ள விக்கறவங்களுக்கு. வரி உள்ள பொருள் மாநில எல்லையைத் தாண்டிச்சின்னா, ஒத்த ரூபாய்க்கு வித்தாலும் பதிவு எடுக்கணும்."

அன்றைக்கு ஆரம்பித்த விசாரணைதான் இந்தக் கட்டுரை. நான் வரி படித்தவன் இல்லை. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, நம்மைப்போலக் காட்டோரத்திலும் மலையடிவாரத்திலும் இயற்கை விவசாயம் செய்கிற தோழர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மூட்டைக்கு இல்லாத வரி பொட்டலத்துக்கு

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1ஆம் தேதி வந்தது. அப்போது தானியத்துக்கும் மாவுக்கும், பதிவு செய்த பிராண்டு பெயர் இருந்தால்தான் 5 சதவீத வரி. 2022 ஜூன் கடைசியில் சண்டிகரில் நடந்த ஜி.எஸ்.டி. மன்றக் கூட்டம் அதை மாற்றியது. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய தானியம், பயறு, மாவு 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத வரி. பிராண்டு இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே கிடையாது. வெல்லம், தேன், பொரி எல்லாவற்றுக்கும் இப்படித்தான். பொட்டலமிட்டு லேபிள் ஒட்டினால் வரி, வாங்குபவர் கண்ணெதிரே அளந்து கொடுத்தால் வரி இல்லை.

இதை உழவர் கண்ணால் பாருங்கள். ராகியை மூட்டையாகக் கட்டி மண்டி வியாபாரிக்குக் கொடுத்தால் வரி இல்லை. அதையே நாம் கல் பொறுக்கி, கழுவி, காயவைத்து, அரைத்து, ஒரு கிலோ பையில் போட்டு, ஊர்ப் பேர் எழுதினால் வரி. மதிப்புக் கூட்டுங்கள், மதிப்புக் கூட்டுங்கள் என்று கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். கூட்டின கையோடு வரி வந்து நிற்கிறது.

2025-26 பருவத்துக்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அதாவது கிலோ 49 ரூபாய்க்குள். மாவாக்கி 90 ரூபாய்க்குக் கொடுத்தால்தான் சலிப்புக் கழிவு, அரவைக் கூலி, பை எல்லாம் போகக் குழுவுக்கு ஏதாவது நிற்கும். அந்த 90க்கு வரி நாலரை ரூபாய். "நாலரை ரூபாதானே, வாங்கறவங்க குடுத்துட்டுப் போறாங்க" என்று சிலர் சொல்வார்கள். ஐந்நூறு கிலோவுக்கு மாசம் 2,250 ரூபாய். வாங்குபவர் விலை ஏற்றத்துக்குச் சம்மதிக்காவிட்டால் அது நம் கூலியிலிருந்துதான் போகும். அதோடு கணக்கு எழுதக் கூலி, அதன் மேல் 18 சதவீத வரி. கணக்குத் தாக்கல் ஒரு நாள் பிந்தினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வியாபாரமே நடக்காத மாசத்துக்கும் தாக்கல் பண்ணாவிட்டால் நாளுக்கு 20 ரூபாய். பத்து லட்சம் புரளாத குழுவுக்கு வரியைவிட இந்தக் கணக்குச் சுமைதான் பெரிது.

சிறு வியாபாரிகளுக்கு ஒரு சுலப வழி உண்டே, மொத்த விற்பனையில் ஒரு சதவீதம் கட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். தொகுப்புத் திட்டம் என்று சொல்கிற அந்த வழியில் போனால் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாதாம். எங்களுக்குப் பெங்களூர் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பாலக்கோட்டிலேயே ரயில் ஏறலாம். சென்னையோ அதைப்போல் இரண்டரை மடங்கு தூரம். பக்கத்துச் சந்தை அதுதான். நடுவில் ஒரு மாநில எல்லை ஓடுகிறது.

உழவருக்கு விலக்கு உண்டு... குழுவுக்கு இல்லை

"விவசாயிக்கு ஜி.எஸ்.டி. இல்லைன்னு சொல்றாங்களே" என்று எங்கள் குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். உண்மைதான். தன் நிலத்தில் விளைந்ததை விற்கிற விவசாயி பதிவு எடுக்க வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் விவசாயி என்பவர் தனி ஆளாக இருக்க வேண்டும், அல்லது இந்துக் கூட்டுக் குடும்பமாக இருக்க வேண்டும். முப்பத்துநாலு குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து குழுவோ கம்பெனியோ ஆன நிமிஷத்தில் அந்த நிழல் போய்விடும். தனியாக நின்றால் விவசாயி, கூடி நின்றால் வியாபாரி! ஒன்று சேருங்கள் என்று நமக்குச் சொல்லும் அதே அரசின் சட்டம்தான் இதையும் சொல்கிறது.

வரி இல்லாத பொருளை மட்டுமே விற்கிறவர்களுக்கும் பதிவு வேண்டாம். அதனால்தான் மூட்டை ராகியை நாங்கள் பெங்களூருக்கு ஏற்றினாலும் ஒருவரும் கேட்கவில்லை. மாவுப் பொட்டலம் என்றதும் கேட்கிறார்கள்.

இங்கேதான் மனசு வலிக்கிற ஒரு கணக்கு வருகிறது. ஜி.எஸ்.டி. என்பது பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த இடத்துக்குச் சேரும் வரி. எங்கள் மாவு பெங்களூரில் விற்றால், அந்த வரியில் மாநிலப் பங்கு கர்நாடகத்துக்குப் போகும். தமிழ்நாட்டுக்கு அதில் பங்கு வராது. பரண் மேல் உட்கார்ந்து இதைச் சொன்னபோது பக்கத்துக் காட்டு அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"யானை கர்நாடகாவுல இருந்து இங்க வருது. வரி இங்க இருந்து கர்நாடகாவுக்குப் போவுது. கணக்கு சரியாப் போச்சு, போ!"

காடு போடுகிற கட்டுப்பாடு

அவர் சொன்னது வெறும் வேடிக்கை இல்லை. காவிரிக் காடுகள் இரண்டு மாநிலத்துக்கும் பொது. நம் பக்கத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2014இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவித்தார்கள், சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவேரி தெற்குச் சரணாலயம், சுமார் 686 சதுர கிலோமீட்டர். அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவேரி சரணாலயம். ராகி முற்றுகிற காலத்தில் யானைக் கூட்டங்கள் இந்தக் காடுகளின் வழியாக நம் பக்கம் வருவது எல்லோருக்கும் தெரியும்.

சரணாலயம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். காடு இருப்பதால்தான் சின்னாற்றில் தண்ணீர் வருகிறது. ஆனால் காட்டைக் காப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கொடுப்பவர்கள் காட்டோரத்து ஜனங்கள். வாழை போட முடியாது, கரும்பு போடப் பயம். ராகி போட்டால் இரண்டு மாசம் தூக்கம் கிடையாது. 2023 மார்ச் மாசம் மாரண்டஅள்ளிப் பக்கத்தில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. அந்தச் செய்தியைக் கேட்டு எங்கள் ஊரில் அழாதவர் இல்லை. மின்வேலி போடுவது குற்றம், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. மின்வேலி போடாமல், பட்டாசையும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோமே, அந்த உழைப்புக்கு எந்தக் கணக்கில் என்ன பேர்?

சரணாலயங்களைச் சுற்றி அறிவிக்கப்படும் சூழல் உணர்திறன் மண்டலங்களுக்கு அரசு அறிவிக்கை வெளியிடுகிறது. அதில் மூன்று பட்டியல் இருக்கும். தடை செய்யப்பட்டவை: சுரங்கம், மர அறுவை ஆலை, மாசுபடுத்தும் தொழில்கள். ஒழுங்குபடுத்தப்படுபவை: ஓட்டல், மரம் வெட்டுதல், வேலி, வியாபாரத்துக்கு நிலத்தடி நீர் எடுப்பது மாதிரியானவை. மூன்றாவது பட்டியலில் ஊக்குவிக்க வேண்டியவை: மழைநீர் சேகரிப்பு, இயற்கை வேளாண்மை, பசுமைத் தொழில்நுட்பம்.

பார்த்தீர்களா? நம் வேலை மூன்றாவது பட்டியலில் இருக்கிறது. முதல் பட்டியலுக்குச் சட்டம் இருக்கிறது, அபராதம் இருக்கிறது. இரண்டாவதுக்குக் குழு இருக்கிறது, அனுமதி இருக்கிறது. மூன்றாவதுக்கு, ஊக்குவிப்பு என்ற வார்த்தை இருக்கிறது. எதை வைத்து ஊக்குவிப்பது? வரியிலிருந்தே ஆரம்பிக்கலாமே!

ஆலைக்குக் கிடைத்த சலுகை

இடத்தைப் பார்த்து வரிச் சலுகை கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிது இல்லை. ஓசூரில் சிப்காட் வந்தபோது அது எங்கள் தருமபுரி மாவட்டம்தான், 2004இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. பின்தங்கிய வட்டாரம் என்று சொல்லித்தான் ஆலைகளை அழைத்தார்கள். வசூலித்த விற்பனை வரியை வட்டி இல்லாமல் பல வருஷம் கழித்துக் கட்டலாம் என்ற ஒத்திவைப்புத் திட்டம் இருந்தது, சில இடங்களில் சில வருஷத்துக்கு வரியே இல்லை என்ற விலக்கும் இருந்தது. மாநிலங்கள் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டுச் சலுகை கொடுத்து எல்லோருக்கும் வருமானம் போகிறது என்று, 2000 ஜனவரி 1 முதல் புதிய விற்பனை வரிச் சலுகைகளை நிறுத்த மாநிலங்கள் சேர்ந்து முடிவு செய்தன. ஆனாலும் வேறு ரூபத்தில் அது தொடர்கிறது. இன்றைக்கும் தமிழ்நாட்டின் தொழிற்கொள்கையில், பெரிய முதலீடு போடும் ஆலைகளுக்கு மாநில ஜி.எஸ்.டி.யைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குப் போகும் பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே பூஜ்ய வீதம்.

பூஜ்ய வீதத்துக்கும் வரி விலக்குக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். விலக்கு என்றால் விற்கும்போது வரி இல்லை, ஆனால் சாக்கு, பை, இயந்திர உதிரிபாகம் வாங்கும்போது நாம் கட்டிய வரி நம்மோடே போய்விடும். பூஜ்ய வீதம் என்றால் விற்கும்போதும் வரி இல்லை, வாங்கும்போது கட்டியதும் திரும்பி வரும். பொருளாதார மண்டலத்துக்குப் பூஜ்யம். ராகி விற்கிற நமக்கு, அதுவும் மூட்டையாக விற்றால், விலக்கு. இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜி.எஸ்.டி.யில் இடத்துக்கு ஏற்ற சலுகையே கொடுக்க முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. வீதத்தை ஒரு தாலுகாவுக்கு மட்டும் குறைப்பது கஷ்டம்தான். ஆனால் கட்டிய வரியைத் திருப்பித் தரலாம். அதற்கு முன்மாதிரி இருக்கிறது. இமாச்சலம், உத்தரகண்ட், ஜம்மு காஷ்மீர், வடகிழக்கு மாநிலங்களில் பழைய கலால் விலக்குப் பெற்று வந்த ஆலைகளுக்காக, ஒன்றிய அரசு 2017 அக்டோபரில் ஒரு திட்டம் அறிவித்தது. பணமாகக் கட்டிய ஒன்றிய ஜி.எஸ்.டி.யில் 58 சதவீதமும், மாநிலங்களுக்கு இடையிலான ஜி.எஸ்.டி.யில் 29 சதவீதமும் பட்ஜெட்டிலிருந்து திருப்பித் தருகிறார்கள். தகுதியுள்ள ஆலைகளுக்கு 2027 ஜூன் 30 வரை அந்தத் திட்டம் உண்டு. ஏன் 58? வரி வருவாயில் அன்றைக்கு 42 சதவீதம் மாநிலங்களுக்குப் பகிரப்பட்டது. மீதி 58 ஒன்றிய அரசின் கையில் நின்றது. அந்தப் பங்கைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

மலை மாநில ஆலைக்கு முடிந்தது, காட்டோரத்து மாவு அரவைக்கு முடியாதா?

பிரேசிலில் ஒரு வழி

வெளிநாட்டில் இதைப்பற்றி யாராவது யோசித்திருக்கிறார்களா என்று எங்கள் ஊரில் படித்த பெண் ஒருத்தியிடம் கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டுப் பிரேசிலைச் சொன்னாள். அங்கே மாநிலங்கள் வசூலிக்கும் விற்பனை வரியில் கால் பங்கு உள்ளாட்சிகளுக்குப் போக வேண்டும். பரானா என்ற மாநிலத்தில் சில ஊர்களின் நிலத்தில் பெரும்பகுதி காப்புக்காடு, அல்லது தலைநகர் குரிச்சிபாவுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே ஆலை வைக்க முடியாது. ஆலை இல்லாததால் வரிப் பங்கும் குறைச்சல். "காட்டையும் தண்ணியையும் காப்பாத்தறதுக்கு எங்களுக்குத் தண்டனையா?" என்று அந்த ஊர்கள் கேட்டன. 1991இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. உள்ளாட்சிகளுக்குப் போகும் அந்தப் பங்கில் 5 சதவீதத்தைச் சூழலுக்காக ஒதுக்கி, பாதி காப்புப் பகுதி உள்ள ஊர்களுக்கு, பாதி நீர்ப்பிடிப்பு உள்ள ஊர்களுக்கு என்று பிரித்தது. பிறகு பிரேசிலின் பல மாநிலங்கள் இதே வழியில் போயின.

இது வியாபாரிக்குக் கிடைக்கும் சலுகை இல்லை, ஊருக்குக் கிடைக்கும் பங்கு. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். காடு காப்பவர்களின் நஷ்டத்தை விற்பனை வரியிலிருந்து ஈடு செய்யலாம் என்று ஒரு அரசு ஒத்துக்கொண்டது.

நம் நாட்டில் பாதி வழி வந்துவிட்டோம். ஒன்றிய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது, 14ஆவது நிதிக்குழு காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத எடை கொடுத்தது. 15ஆவது நிதிக்குழு அதைக் காடும் சூழலியலும் என்று 10 சதவீதம் ஆக்கியது. ஆக, நம் காடு இருப்பதால் சென்னைக்குப் பணம் வருகிறது. சென்னையிலிருந்து எங்கள் பஞ்சாயத்துக்குக் காடு என்ற பேரில் ஒரு ரூபாய் தனியாக வந்ததை நான் பார்த்ததில்லை. பிரேசில்காரர்கள் கடைசி மைல் வரை கொண்டுபோன தண்ணீர், நம்மிடம் மதகிலேயே நின்றுவிட்டது.

ரிசார்ட்காரர் உள்ளே வந்துவிடக் கூடாது

குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னபோது மாவரைக்கும் அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க.

"காட்டோரத்துத் தொழிலுக்கெல்லாம் வரி இல்லைன்னு சொன்னா, மொதல்ல யாரு வருவா? நாமளா? ரிசார்ட்டு கட்டறவங்க வருவாங்க. வெளியூர்ல இருந்து மாவைக் கொண்டுவந்து இங்க பையில போட்டு, காட்டு ராகின்னு விப்பாங்க."

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. சலுகை இருக்கும் ஊரில் பெயர்ப்பலகை மட்டும் மாட்டிவிட்டு, வேலையை வேறு எங்கோ செய்கிற வித்தை வியாபாரத்தில் பழசு. அதனால் சலுகை முகவரிக்குப் போகக் கூடாது, விளைச்சலுக்கும் விளைவித்த முறைக்கும் போக வேண்டும். அந்தப் பஞ்சாயத்து நிலத்தில் விளைந்ததா? இயற்கைச் சான்று இருக்கிறதா? விற்பது உழவர் குழுவா, மகளிர் குழுவா, பழங்குடியினர் சங்கமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் சலுகை. சான்றுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். பங்கேற்புச் சான்று முறையான பி.ஜி.எஸ். இருக்கிறது, தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையும் இருக்கிறது.

இன்னொரு பெரியவர், "வரியை விட்டா யானை போயிடுமா?" என்று கேட்டார். போகாது ஐயா. ஆனால் யானையோடு வாழ்ந்துகொண்டு விளைவித்த ராகிக்கு நாலரை ரூபாய் கூடக் கிடைத்தால், அடுத்த தலைமுறை பரணில் ஏறும். கிடைக்காவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போகும். வாங்குபவர் ராகி போட மாட்டார், வேலிதான் போடுவார்.

நாம் கேட்பது

ஒன்று: சரணாலயத்தையும் காப்புக்காட்டையும் ஒட்டிய பஞ்சாயத்துகளில் விளைந்து, இயற்கைச் சான்று பெற்று, உழவர் குழுக்கள் விற்கும் பொட்டலப் பொருள்களுக்கு, தமிழ்நாட்டுக்குள் விற்றால் கட்டிய மாநில ஜி.எஸ்.டி.யை மாநில அரசு திருப்பித் தர வேண்டும். ஆலைகளுக்குத் தருவதுபோலத்தான். 2023 மார்ச்சில் வெளியான தமிழ்நாட்டின் அங்கக வேளாண்மைக் கொள்கையோடு இதைச் சேர்க்கலாம்.

இரண்டு: வெளிமாநிலத்துக்கு விற்றால் மாநில அரசால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அதற்கு மலை மாநிலங்களுக்குச் செய்ததுபோல ஒன்றிய பட்ஜெட்டிலிருந்து ஈடு வேண்டும்.

மூன்று: சிறு உழவர் குழுக்கள் எல்லை தாண்டி விற்றால் கட்டாயப் பதிவு என்ற நிபந்தனையைத் தளர்த்த வேண்டும். கைவினைப் பொருள் செய்பவர்களுக்கு 2017இலேயே, வரம்புக்குள் இருந்தால் வெளிமாநிலத்துக்கு விற்றாலும் பதிவு வேண்டாம் என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். பானைக்கு முடிந்தது ராகி மாவுக்கும் முடியும்.

நான்கு: காட்டுக்காக நிதிக்குழு வழியாக வரும் பங்கில் ஒரு பகுதி, காட்டோரப் பஞ்சாயத்துகளுக்குத் தனிக் கணக்கில் வர வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். வரி வீதம் கல்வெட்டு இல்லை. காய்ந்த புளிக்கு இருந்த 5 சதவீதம் 2019 அக்டோபரில் போய்விட்டது. சிறுதானியச் சத்துமாவுக்கு 18 சதவீதம் இருந்தது, எடையில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் சிறுதானியம் இருந்தால், பொட்டலமாக விற்க 5 சதவீதம், சில்லறையாக அளந்து கொடுத்தால் வரியில்லை என்று 2023 அக்டோபரில் முடிவானது. டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் மாதிரியான உயிரியல் பூச்சி நோய் மருந்துகளுக்கு 12 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். நாட்டுக்கு நாடு இல்லை, கூட்டத்துக்குக் கூட்டம் மாறுகிறது. கேட்கிறவர் பக்கம்தான் மாறும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

சலுகை வரும்வரை சும்மா இருக்க முடியாது. நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டவை:

• சந்தையிலோ கடையிலோ வாங்குபவர் முன்னால் அளந்து கொடுக்கும் ராகி, சாமை, மாவு, வெல்லம், தேனுக்கு வரி இல்லை.

• தானியம், பயறு, மாவு 25 கிலோவுக்கு மேற்பட்ட பையாக இருந்தால் வரி இல்லை. நாலைந்து குடும்பம் சேர்ந்து 30 கிலோ பை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

• தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்று, குழுவின் மொத்த விற்பனை வருஷத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டாவிட்டால், சாதாரணமாகப் பதிவு வேண்டாம். வரி இல்லாப் பொருள் விற்பனையும் இந்தக் கூட்டலில் சேரும், மறந்துவிடாதீர்கள்.

• பதிவு எடுத்துவிட்டால், 5 கோடிக்குள் இருப்பவர்கள் மூன்று மாசத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். வியாபாரம் இல்லாவிட்டாலும் தாக்கலை விடக் கூடாது.

• பதிவு எடுத்தவர்கள் பை, லேபிள், இயந்திரம் வாங்கிய ரசீதுகளைக் குழுவின் பதிவு எண்ணோடு வாங்கி வையுங்கள். கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு குழுவின் நிலையும் வேறு. முடிவெடுக்கும் முன் கணக்காளரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

நாங்கள் என்ன முடிவு செய்தோம்

முதல் மூன்று மாசம் 30 கிலோ பையாகத்தான் பெங்களூருக்கு அனுப்பினோம். அங்காடித் தம்பியே அதைப் பிரித்துப் பொட்டலம் போட்டு, தன் கடைப் பேரில் விற்றார். அவர்மேல் குற்றமில்லை, அவர் பதிவு எடுத்தவர், வரி கட்டுகிறார், லேபிளும் அவருடையது. ஒரு தடவை பெங்களூர் போனபோது அலமாரியில் எங்கள் மாவைப் பார்த்தேன். கையில் எடுத்துப் பார்த்தேன். கடையின் பேர் இருந்தது, சிறுதானியத்தின் நன்மை இருந்தது. எங்கள் ஊர்ப் பேர் இல்லை. பரண் இல்லை. திரும்பி ரயிலில் வரும்போது, நாலரை ரூபாய்க்காக நாம் இழந்தது என்ன என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வரும் அறுவடையிலிருந்து பதிவு எடுத்து, சொந்தப் பேரிலேயே அனுப்புவது என்று குழுவில் தீர்மானித்துவிட்டோம். கணக்கு எழுதும் செலவை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். வரியைக் கட்டிக்கொண்டே, அதைத் திருப்பிக் கேட்கப் போகிறோம். கட்டிய ரசீது கையில் இருந்தால்தானே கேட்கிற வாய்க்கு வலு!

காட்டோரத் தோழர்களே, சத்தியமங்கலமோ, சித்தேரியோ, முதுமலையோ, மேகமலையோ, நீங்கள் எங்கே இருந்தாலும் அடுத்த கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுபோங்கள். வாசகம் இப்படி இருந்தால் போதும்: "எங்கள் ஊராட்சி காப்புக்காட்டை ஒட்டியது. காட்டைக் காப்பதற்கான கட்டுப்பாடுகளை ஏற்று வாழ்கிறோம். எங்கள் நிலத்தில் இயற்கை முறையில் விளைந்து, எங்கள் குழுக்கள் பொட்டலமிட்டு விற்கும் விளைபொருளுக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யைத் திருப்பித் தரவும், காட்டுக்காக மாநிலத்துக்கு வரும் நிதியில் எங்கள் ஊராட்சிக்குப் பங்கு தரவும் இக்கிராம சபை கோருகிறது."

எங்கள் ஊரில் அடுத்த கூட்டத்தில் இதை வைக்கிறோம். தீர்மானப் புத்தகத்தில் முதல் கையெழுத்து மாவரைக்கும் அக்காவுடையது என்று இப்போதே பேசி வைத்தாயிற்று. கூட்டம் முடிந்ததும் நான் பரணுக்குப் போக வேண்டும். இந்த வருஷம் மழை பரவாயில்லை, ராகி நன்றாகக் கதிர் வாங்கியிருக்கிறது. யானையும் வரும்.